கட்டைக்காரர்

வண்டி நின்றதும் அவர் கை இருக்கைக்கு அடியில் போகிறது. முக்கோணமாக அறுத்த ஒரு மரக்கட்டை வெளியே வருகிறது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் செருகி, குதிகாலால் ஓர் உதை விட்டு, "பிடிச்சுக்கடா மச்சான்" என்கிறார். அப்புறம்தான் காய்கறிக்கார அம்மாவின் கூடைகளுக்குக் கை கொடுக்கிறார். கூடைகள் ஏறியதும் மச்சானை உருவி, தோளில் கிடக்கும் துணியால் ஒரு துடைப்புத் துடைத்து, பழைய இடத்தில் வைத்துவிட்டு உட்காருகிறார். மேலே போய்ச் சேருவதற்குள் இது எத்தனை முறை நடக்கும் என்று கேட்கக் கூடாது. யாரிடமாவது மூட்டை இருந்தால் இறங்குவார்; யாருக்காவது முழங்கால் வலித்தால் இறங்குவார்; அவர் இறங்கினால் கட்டையும் இறங்கும். அந்தச் சின்னப் பேருந்தில் போகிறவர்கள் அவரைக் கட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

இந்த ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்து. நடுவில் ஜனங்கள் எப்படியோ தொற்றிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள். தரை என்று சொல்லும்படியான தரை துறைமுகத்தை ஒட்டிக் கொஞ்சம் இருக்கிறது. மற்றதெல்லாம் மேடு, அதற்கு மேல் இன்னொரு மேடு. அக்கா மகள் வீட்டுக்கு இரண்டு வாரம் தங்க வந்த எனக்கு முதல் நாளே பாடம் கிடைத்தது. கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், காலையில் நான் மாடியில் காயப்போட்ட மஞ்சள் துண்டு பளிச்சென்று தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கிற வீட்டுக்கு வண்டி எதற்கு என்று நடந்தேன். படிக்கட்டு, சந்து, ஒரு சுவர், திரும்பி வந்து வேறு படிக்கட்டு. துண்டு தெரிந்துகொண்டே இருந்தது, வீடுதான் வரவில்லை. பாதி வழியில் ஒரு குட்டிச்சுவர் மேல் உட்கார்ந்து நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவருடைய வண்டி வந்தது. நான் கை காட்டவில்லை. அவராகவே நிறுத்தினார். கட்டை இறங்கியது.

"தெரியுதேன்னு நடந்துட்டீங்களா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பேச மூச்சில்லை.

"இந்த ஊர்ல எல்லாமே தெரியும்மா. கிட்ட இருக்கிறதுதான் ஒண்ணும் கிடையாது. ஏறுங்க."

வண்டியோ கீழே போய்க்கொண்டிருந்தது. நான் மேலே போக வேண்டும் என்றேன். "மேல போகணும்னா கீழ போய்த்தான் போகணும். நடுவுல வண்டியைத் திருப்ப இடமில்ல. எந்த ஊரு நீங்க? தட்டையா இருக்கிற ஊரா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் மேடு என்றால் வேகத்தடைதான் என்று சொன்னேன். அன்றிலிருந்து நான் தட்டையூரம்மா ஆகிவிட்டேன்.

மேலே ஏறும் நடையில் என்னைக் கண்டால், "தட்டையூரம்மா, நீங்க முன்னாடி வாங்க" என்று தனக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையைக் காட்டுவார். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒல்லித் தபால்காரர் மறுபேச்சில்லாமல் எழுந்து பின்னால் போவார். வெளியூர்க்காரிக்கு என்ன மரியாதை என்று நான் பூரித்துப்போனேன். மகளோடு இருக்கும் அக்காவிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். மறுநாள் இறங்கும் நடையில் அதே மனிதர், "நீங்க பின்னாடி போயிடுங்கம்மா" என்றார். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று காய்கறிக்கார அம்மாவிடம் கிசுகிசுத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. ஏறும்போது கனமான ஆளுங்க முன்னாடி, இறங்கும்போது பின்னாடி. இல்லேன்னா வண்டி மூக்கைத் தூக்கும், இல்லேன்னா மூக்கைக் குத்தும்னு அவரு கணக்கு. நானும் உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன், தெரியலையா?"

தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்த பிறகு மூன்று பேர் இருக்கையில் மிச்ச இடமே இல்லை. அக்கா மகளின் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, இயந்திரப் படிப்பு படித்தவர்; இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சின்னத்தை, அதெல்லாம் சும்மா. இவ்வளவு சின்ன வண்டியில யார் எங்க உட்கார்ந்தா என்ன?" அடுத்த நாள் சாயங்காலம் அவரோடு நானும் வண்டியில் ஏறினேன். "சார், கொஞ்சம் முன்னாடி" என்று குரல் வந்ததும் மாப்பிள்ளை தொப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். அந்தக் கணக்கு சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

ஆள் குள்ளம். சமதரையில் நடந்தாலும் மேடு ஏறுகிறவர் மாதிரி முன்னால் சாய்ந்தே நடப்பார். வலது கெண்டைக்கால் இடதைவிடத் தடிமன். "மிதிச்சே ஊறின காலு" என்று தட்டிக் காட்டுவார். சட்டைப்பையில் இஞ்சி மிட்டாய் கிடக்கும். வளைவுகளில் யாருக்காவது முகம் வெளுத்தால் கண்ணாடியிலேயே கண்டுபிடித்து, திரும்பிப் பார்க்காமல் ஒன்றைப் பின்னால் நீட்டுவார். செங்குத்தான இடத்தில் வண்டி முனகும்போது, "வா வா வா, அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று முதுகைத் தடவுகிற குரலில் பேசுவார். எனக்கே சில சமயம் அந்தக் குரலைக் கேட்டு மூச்சு சீராகியிருக்கிறது.

எல்லா வளைவிலும் ஹாரன் அடிப்பவர், கடைசி வளைவுக்கு முந்தின வளைவில் மட்டும் அடிக்க மாட்டார். அங்கே சாலையை ஒட்டிய சன்னலுக்குள் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது. அதனால் வேகத்தைக் குறைத்து, கையை வெளியே விட்டு, கதவைத் தப்தப் என்று தட்டிக்கொண்டே திரும்புவார். எதிரில் வருகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. குழந்தை விழித்திருந்தால் அதன் அம்மா சன்னல் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைப்பாள். துணியைப் பார்த்துவிட்டால் இவருக்குக் கொண்டாட்டம். "ஐயா முழிச்சிருக்காரு!" என்று சொல்லி ஹாரனை நீட்டி முழக்குவார். உள்ளேயிருந்து ஒரு கெக்கலி கேட்கும். அது கேட்காவிட்டால் இன்னொரு தடவை.

அவர் மனைவி தையல்காரர். கீழேயிருந்து மூன்றாவது வளைவில், மாடியில் கடை. மத்தியானம் வண்டி அந்தச் சன்னலுக்கு நேர் கீழே வந்து நிற்கும். கயிற்றில் கட்டின சாப்பாட்டுப் பை ஆடிக்கொண்டே இறங்கும். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவிழ்த்துக்கொள்வார். இறங்கினால் கட்டை போட வேண்டுமே.

"குழம்புல உப்பு கம்மி! பேசாம சாப்பிட்டுடுங்க!" என்று மேலேயிருந்து குரல் வரும்.

"பேசினா மட்டும் கூடிடவா போகுது!" என்று இவர் கத்துவார். வண்டி முழுக்கச் சிரிக்கும். எனக்குத் தெரிந்து உப்பு சரியாக இருந்த நாளே இல்லை. அதை இவர் மிச்சம் வைத்து வந்த நாளும் இல்லை.

கட்டையின் கதையை அவரே சொன்னார். எல்லோருக்கும் சொல்வாராம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, டீ வாங்க இறங்கியிருக்கிறார். டீயைக் கையில் வாங்கித் திரும்பினால் வண்டி மெல்ல நகர்கிறது. "நம்ம வண்டி மாதிரியே இருக்கேன்னு ஒரு செகண்டு பார்த்துட்டு நின்னேன்மா. நம்ம வண்டிதான்!" ஆளில்லாத வண்டி பின்னாலேயே உருண்டு, சாலையைக் கடந்து, டீக்கடை வாசலில் கிடந்த பெஞ்சை நொறுக்கிக்கொண்டு சுவரில் நின்றது. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர், சர்க்கரை போதவில்லை என்று சொல்ல அப்போதுதான் எழுந்து உள்ளே போயிருந்தார். டீக்கடைக்காரர் திட்டவில்லை. நொறுங்கின பெஞ்சின் தடித்த பலகையிலிருந்து ஒரு துண்டை அறுக்கச் சொல்லி இவர் கையில் கொடுத்திருக்கிறார். இந்த இடம் வரை சிரித்துக்கொண்டே சொல்கிறவர், கதை முடிந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறார். கட்டையை அவர் நனையவிடுவதில்லை. மழை பிடித்தால் முதலில் அதைத்தான் உள்ளே எடுப்பார். தான் நனைவதைப் பற்றிக் கவலையில்லை. "நனைஞ்சா ஊறும், ஊறினா வழுக்கும். அப்புறம் மச்சானை எப்படி நம்பறது?"

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மனிதரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அவளால்தான்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இடது பக்கம் பாதிதான் திரும்பி வந்தது. வாய் மட்டும் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது என்று அவளே சொல்வாள். அதன் பிறகுதான் மகள் வீட்டுக்கு, இந்த மலைச்சரிவுக்கு, வந்து சேர்ந்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே சன்னல், சன்னல் நிறையக் கடல். அந்தக் கடலை அவள் ஒருநாள்கூடத் தொட்டதில்லை. இங்கே வீடுகளுக்குள் மொட்டைமாடி வழியாகத்தான் நுழைய வேண்டும். சாலை மேலே இருக்கிறது, வீடு அதற்குக் கீழே தொங்குகிறது. அழைப்பு மணி மாடியில். கூடத்துக்குப் போகக் குறுகலான படி. "சாமான் இறக்கினவங்களே என்னையும் இறக்கி வெச்சுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் பீரோவும் வெளிய போகல, நானும் போகல" என்றாள் அக்கா.

ஒரு தடவை முயற்சி செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி ஏறினார். முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துவிட்டார். அன்றிலிருந்து அக்கா கடல் பேச்சையே எடுக்கவில்லை. நான் வந்த பிறகு, ஒரு மத்தியானம் தலை வாரிவிடும்போது மட்டும் சொன்னாள்: "கால் நனைச்சுட்டுப் போயிடணும்டி. அவ்வளவுதான்."

போயிடணும் என்று அவள் சொன்னது வேறு எதையும் அல்ல. மாதக் கடைசியில் மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம். குடும்பத்தோடு உள்நாட்டில் ஓர் ஊருக்குப் போகிறார்கள். அங்கே கடல் படத்தில்தான் உண்டு. அக்காவின் உடம்புக்கு இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வருவது நடக்கிற காரியமில்லை. எனக்கோ ஊர் திரும்ப நான்கு நாள்தான் பாக்கி. வாடகைக் கார்க்காரர்களைக் கேட்டுப் பார்த்தேன். அந்தக் குறுகல் சாலைக்கு வர ஒருவரைத் தவிர யாரும் சம்மதிக்கவில்லை. வந்த ஒருவருக்கும் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வேறு சவாரி ஞாபகம் வந்துவிட்டது. "விடுடி, தொட்டா என்ன, தொடாட்டா என்ன" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கட்டைக்காரரிடம் நான் உதவி என்று கேட்கவில்லை. வேறு வண்டி ஏதாவது தெரியுமா என்றுதான் கேட்டேன். அக்கா கதையையும் ஏனோ சொல்லிவிட்டேன். இரண்டு வளைவு போனது. காதில் விழவில்லை போல என்று நினைத்தேன். எங்கள் வீட்டருகே நிறுத்தினபோது கேட்டார்.

"அக்கா எவ்வளவு கனம்?"

"ஒல்லி. என்னில் பாதிதான்."

"அப்ப இறங்கும்போது முன்னாடியே உட்காரலாம். கடல் நல்லாத் தெரியும். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல வர்றேன். ரெடியா இருங்க."

மறுநாள் மத்தியானம் மாடியில் ஹாரன் கேட்டது. கட்டை போட்டுவிட்டு, தபால்காரரையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அக்கா தலைக்குக் குளித்து, புதுத் துணி உடுத்தி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தாள். வெட்கம் வந்தால் அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

"என்னைத் தூக்கிட்டுப் போக நான் என்ன பீரோவா தம்பி?"

"பீரோ இவ்வளவு பேசாதுக்கா" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தார். பாரம் விழுகிற பக்கம் அதுதான். மேல்பக்கம் தபால்காரர். "வா வா வா, அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று வண்டியிடம் பேசுகிற அதே குரல். குறுகலான படி, திரும்ப இடமில்லாத மூலை, கடைசியில் வெயில். ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்கா வானத்துக்குக் கீழே இருந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்ன வெயில் இது" என்று சலித்துக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. வெயில்தான் காரணம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அவளை முன் இருக்கையில் சன்னலோரம் உட்காரவைத்தார்கள். நான் சொல்லாமலே பின்னால் போனேன். குழந்தை வளைவில் அவர் கதவைத் தட்டினபோது ஏன் என்று அக்கா கேட்டாள், சொன்னார். உடனே தன் நல்ல கையைச் சன்னலுக்கு வெளியே விட்டு அவளும் தப்தப் என்று தட்டினாள். மூன்றாம் வளைவில் சாப்பாட்டுப் பை இறங்கியது.

"யாரு அது முன்னாடி?" என்றது மேலே இருந்த குரல்.

"கடலுக்குப் போறாங்க! கால் நனைக்க!"

"கொஞ்சம் நில்லுங்க!" கயிறு மேலே போனது. திரும்பி வந்தபோது அதில் ஒரு துண்டு கட்டியிருந்தது. துடைத்துக்கொள்ள.

துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள், தபால்காரரும். அதற்கு அப்பால் வண்டிக்குப் பாதை கிடையாது. ஆனால் படகுகளை இழுத்து ஏற்றுகிற சிமெண்டுச் சரிவு ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோய், வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே இறக்கி நிறுத்தினார். மூக்கு எப்போதும் மேட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். முன்சக்கரத்தைச் சரிவின் ஓரச் சுவர்ப்பக்கம் ஒடித்தார். கட்டை போட்டார். உதைத்தார். அப்புறம் அக்காவை நாற்காலியோடு இறக்கி, சரிவின் ஓரமாகத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தார்.

அங்கேதான் வந்தது சங்கடம். அந்த நாற்காலிக்கு ஒரு பக்கத்துப் பிரேக் எப்போதோ போய்விட்டது. வீட்டில் கட்டில் காலோடு துண்டால் கட்டிவைப்போம். இங்கே கட்ட எதுவும் இல்லை. சரிவு நேரே கடலுக்குள் போகிறது. நான் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து நின்றேன். அலை வந்து, அக்காவின் பாதத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று, திரும்பிப் போனது. அடுத்ததும் அப்படியே.

"இன்னும் கொஞ்சம் விடுடி."

"விட்டா நீ உள்ள போயிடுவே."

ஒரு கூழாங்கல்லைக் காலால் தள்ளி முட்டுக் கொடுத்துப் பார்த்தேன்; அது உருண்டு எங்களுக்கு முன்னால் கடலுக்குப் போனது. இவ்வளவு தூரம் வந்து ஒரு முழத்தில் முடியப்போகிறது என்று பயந்தேன். அக்காவும் புரிந்துகொண்டாள். "போதும்டி, கிட்ட வந்து பார்த்தாச்சே" என்றாள்.

கட்டைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலே ஏறிப் போனார். திரும்பி வரும்போது ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அக்குளில் கட்டை. என் கையிலிருந்து நாற்காலியை வாங்கி, ஈரச் சிமெண்டு வரை உருட்டி, சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகி, குதிகாலால் உதைத்தார்.

"நனைஞ்சுடுமே" என்றேன்.

"நனையட்டும்மா. பிடிச்சுக்கடா மச்சான்." சொன்ன கையோடு மறுபடியும் வண்டிக்கு ஓடிவிட்டார்.

அடுத்த அலை தயங்காமல் வந்தது. பாதத்தின் மேல் ஏறி, கணுக்காலைச் சுற்றி, நுரையை விட்டுவிட்டுப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாடி, என்ன ஜில்லுன்னு இருக்குடி! இடது காலுக்கும் தெரியுதுடி, லேசா. தெரியுதா, இல்ல எனக்குத் தோணுதான்னு தெரியல. ஆனா தெரியுது." நாற்காலி அசையவில்லை. நான் கையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தேன். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு சிரித்த மாதிரி, காரணமே இல்லாமல் இரண்டு கிழவிகளும் சிரித்தோம். அந்த நிமிஷத்துக்காக நான் யாருக்கெல்லாமோ நன்றி சொன்னேன், கடலுக்கும் சொன்னேன்.

"அந்தத் தம்பி நம்மளால பட்டினியா இருக்காரு பாரு" என்றாள் அக்கா. "இங்கேயே வந்து உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுடி."

கூப்பிட எழுந்து நாலடி மேலே ஏறினேன். அவர் இறங்கியிருக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்து, கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பை அவிழ்க்காமல் கொக்கியில் தொங்கியது. பின்சக்கரத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. பட்டப்பகல் வெயிலில், வண்டியின் பின்னால் இரண்டு பிரேக் விளக்குகளும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

நான் கூப்பிடவில்லை. கீழே அக்கா இன்னும் ஓர் அலை, இன்னும் ஒரே ஓர் அலை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் போதும் என்று சொல்கிற வரைக்கும் அந்த விளக்குகள் அணையவில்லை.